எப்போதாவது ட்ராக் ஓட்டுபவர்களுக்கு டயர், வீல் தேர்வு: முழுமையான வழிகாட்டி

வருடத்தில் சில நாட்கள் மட்டும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ உள்ள பந்தயத் தடத்துக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, மற்ற நாட்களில் அதே காரில் அலுவலகம், கடைத்தெரு, சொந்த ஊர் என்று சுற்றுபவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. லைசென்ஸ் எடுத்துப் பந்தயம் ஓட்டுபவர்களின் தேவை வேறு, அவர்களுக்கான டயரும் வேறு. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளான ட்ராக் டேயில் பரிசு கிடையாது. நாள் முழுவதும் சீராக ஓடும் கார், சட்டென்று கைவிடாத பிடிமானம், மாலையில் அதே காரில் வீடு திரும்பும் வசதி ஆகியவைதான் அங்கே தேவை.

இப்படி ஓட்டத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் அலாய் வீல் கடைக்குத்தான் போகிறார்கள். கண்ணுக்குப் பிடித்த 17 அங்குல வீலை வாங்கி மாட்டிவிட்டு, அதற்குப் பொருந்தும் நல்ல டயரைத் தேடத் தொடங்குகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நம் ஊரில் எந்த அளவில் எந்த டயர் உண்மையில் கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்து, அந்த டயருக்கு ஏற்ற வீலைப் பிறகு வாங்குவதே பணத்தை மிச்சப்படுத்தும். பின்வரும் படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக வோக்ஸ்வாகன் போலோவையும் மாருதி ஸ்விஃப்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், நம் ட்ராக்குகளில் அதிகம் தென்படும் சிறிய கார்கள் அவை என்பதால்.

படி 1: இப்போது காரில் இருக்கும் டயரைப் பரிசோதித்தல்

முதல் ட்ராக் டேக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. காரில் ஏற்கெனவே இருக்கும் டயர் தகுதியானதா என்று மட்டும் பார்த்தால் போதும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று ஓவல் வடிவக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும். 3523 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரான டயர். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும் என்பதால் அதை ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து பஞ்சர். நெடுஞ்சாலையோரக் கடையில் திரி செருகி அடைத்த டயர் சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓடலாம். ஆனால் ட்ராக்கில் பல சுற்றுகள் தொடர்ந்து சூடேறி, வளைவுகளில் பக்கவாட்டாக மடங்கும்போது அந்தத் திரி தாக்குப்பிடிக்கும் என்று நம்புவதற்கு இல்லை. அத்தகைய டயரை ஸ்டெப்னிக்கு மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் சிறிய வீக்கம் தெரிந்தாலும், அங்கே ஒட்டுப் போட்டிருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை.

பட்டனின் ஆழத்தைப் பொறுத்தவரை, பலரும் நினைப்பதற்கு மாறாக, உலர்ந்த ட்ராக்கில் புத்தம்புதிய டயரைவிடப் பாதி தேய்ந்த டயரே நன்றாக நடந்துகொள்ளும். புதிய டயரின் ஏழெட்டு மில்லிமீட்டர் உயரமான ரப்பர் கட்டிகள் வளைவில் நெளியும். அந்த நெளிவிலேயே வெப்பம் ஏறி, ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். நான்கைந்து மில்லிமீட்டர் மீதமிருக்கும் டயரில் இந்தத் தொல்லை குறைவு. மழை வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பக்கம் ட்ராக் டேக்குப் பெயர் கொடுத்திருந்தால் ஆழமான பட்டனுள்ள டயரோடு போவதுதான் புத்திசாலித்தனம். காருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஆழமான 1.6 மில்லிமீட்டர், பட்டன்களுக்கிடையே சிறு மேடாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டுவிட்ட டயரில் சாலையிலும் ஓட்டக் கூடாது.

படி 2: எந்த வகை டயர் என்று முடிவு செய்தல்

கடையில் கிடைக்கும் டயர்களை நம் தேவைக்கு மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: எரிபொருள் சிக்கனத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் செய்யப்பட்ட டூரிங் டயர், பிடிமானத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபாமன்ஸ் டயர், சாலையில் ஓட்ட அனுமதியிருந்தும் ட்ராக்கை மனத்தில் வைத்தே செய்யப்படும் செமி ஸ்லிக். சில டயர்களின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகவும், பிடிமானம் அதிகமாகவும், ஆயுள் குறைவாகவும் இருக்கும் என்பது பொது விதி. டூரிங் வகையில் 300, 400 என்றும், ட்ராக் பக்கம் சாய்ந்த சாலை டயர்களில் 200 என்றும், செமி ஸ்லிக்கில் 100 அல்லது அதற்கும் கீழே என்றும் பார்க்கலாம். ஆனால் இந்த எண்ணைப் போடுவது அந்தந்த நிறுவனமேதான். ஆகையால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டுமே அது உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது.

முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பெர்ஃபாமன்ஸ் வகையே சரி என்பது என் உறுதியான கருத்து. அது வழுக்குவதற்கு முன்னால் கீச்சிட்டு எச்சரிக்கும், எல்லையைத் தாண்டினாலும் மெதுவாகவே நழுவும், போகும் வழியில் மழை பிடித்தாலும் நீரை ஒதுக்கும். செமி ஸ்லிக்கின் எல்லை உயரமானது. ஆனால் அந்த எல்லையை அடையும்போது வேகமும் அதிகமாக இருக்கும், எச்சரிக்கையும் குறைவாக இருக்கும். அதோடு, அது தரும் கூடுதல் பிடிமானத்தின் சுமை பிரேக் பேட், பிரேக் ஆயில், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ் என்று மற்றவற்றின் மேல் விழும். டயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைக் கம்பெனி நிலையிலேயே விட்டால், முதலில் கை விரிப்பது பிரேக்காகத்தான் இருக்கும்.

செமி ஸ்லிக் வாங்குவதில் நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. 2020 ஜூன் மாதம் முதல் புதிய டயர் இறக்குமதியே கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைக்கப்பட்டது. வெளிநாட்டு இதழ்களில் புகழப்படும் யோகோஹாமா அட்வான் ஏ052, டோயோ ஆர்888ஆர் போன்றவை நம் கடைகளில் எளிதில் கிடைக்காததற்கு இவை முக்கியக் காரணங்கள். ஒரகடத்தில் அப்பல்லோ, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் நிற்க, மென்மையான ரப்பருள்ள நாலு கார் டயருக்கு நாம் அலைவது ஒரு வேடிக்கைதான். எங்கோ நான்கு டயர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தயாரிப்பு வாரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். குடோனில் கிடந்து காய்ந்த செமி ஸ்லிக், புதிய டூரிங் டயரைவிட மோசமாகவும் இருக்கக்கூடும்.

படி 3: அளவைத் தீர்மானித்தல்

185/60 ஆர் 15 84 ஹெச் என்ற எழுத்தைப் பிரித்துப் பார்ப்போம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 84 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்பதையும், ஹெச் என்ற வேகக் குறியீடு மணிக்கு 210 கி.மீ. வரை என்பதையும் காட்டும். வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. சுமைக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பலமாக பிரேக் அடிக்கும்போது காரின் எடையில் பெரும்பகுதி முன் டயர்களின் மேல்தான் சாய்கிறது.

அளவை மாற்றும்போது டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிட்டே தீர வேண்டும். மேற்கண்ட டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ. அதன் இருமடங்கான 222ஐ 15 அங்குல ரிம்மின் 381 மில்லிமீட்டரோடு கூட்டினால் 603 மி.மீ. வருகிறது. அதே காருக்கு 195/55 ஆர் 15 போட்டால் 595.5 மி.மீ., அதாவது ஒன்றேகால் சதவீதம் குறைவு. 205/50 ஆர் 16 போட்டால் 611.4 மி.மீ., சுமார் ஒன்றரை சதவீதம் அதிகம். இரண்டும் ஏற்கத்தக்கவை. உலகெங்கும் சிறிய கார்களின் ட்ராக் டயர்களில் பரவலாக உள்ள 195/50 ஆர் 15க்குப் போனால் 576 மி.மீ.தான் வரும். நாலரை சதவீதக் குறைவால் கியர் விகிதம் இறுக்கமாகி கார் சுறுசுறுப்பாகக் கிளம்பும், வளைவிலும் தாழ்ந்து நிற்கும். ஆனால் தரையிடைவெளி பதின்மூன்றரை மி.மீ. குறைந்துவிடும் என்பதால் தெருவுக்கு ஒரு வேகத்தடை உள்ள ஊரில் தினமும் ஓட்ட அது சரிப்படாது. அந்த அளவு, ட்ராக்குக்கென்று தனி செட் வைத்துக்கொள்பவருக்கு மட்டுமே.

17 அங்குலத்தின் மேலுள்ள மோகத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய வீல் தன்னளவில் காரை வேகமாக்காது. எடை கூடும், அந்த எடை சுழற்சி மையத்திலிருந்து தள்ளிப் போகும், டயர் விலை ஏறும், தடத்தின் ஓரத்திலுள்ள மேடான கெர்பின் மேல் ஏறி இறங்கும்போது மெல்லிய பக்கச்சுவரால் ரிம் அடிபடும். உங்களுக்கு வேண்டிய பெர்ஃபாமன்ஸ் டயர் 16 அல்லது 17 அங்குலத்தில் மட்டுமே கிடைக்கிறது என்பது ஒன்றே விட்டத்தைக் கூட்ட நியாயமான காரணம். இப்போது நல்ல டயர்களில் பல 16க்கு மேல்தான் தொடங்குகின்றன என்பதால் அந்த நிலை அடிக்கடி வரவும் செய்கிறது. அப்போதும் பிரேக் காலிப்பருக்கு இடம் விட்டு, டயர் கிடைக்கும் மிகச் சிறிய விட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

படி 4: வீலைத் தேர்ந்தெடுத்தல்

டயரின் அளவு முடிவானதும் வீலுக்கு வரலாம். பொருந்துமா என்று பார்க்க நான்கு விவரங்கள் வேண்டும்.

முதலாவது பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். போலோவுக்கு 5×100, ஸ்விஃப்டுக்கு 4×100. இதில் ஏறக்குறைய என்ற பேச்சே இல்லை. நான்கு துளைகளை விரித்துப் பொருத்தித் தருகிறோம் என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது நடுத்துளை, அதாவது காரில் வீல் மாட்டப்படும் மையமான ஹப்பின் மேல் உட்காரும் துளை. போலோவின் ஹப் 57.1 மி.மீ., ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. கடை வீல்களில் பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால் வீல் மையத்தில் உட்காராது, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். கடையில் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் வளையம் சாலைக்குப் போதும். ட்ராக்கில் பிரேக் டிஸ்க்கின் சூடு ஹப் வரை ஏறும்போது அது இளகி ஒட்டிக்கொள்ளும். அலுமினிய வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது அகலமும் ஆஃப்செட்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இப்போதைய ரிம் 6 அங்குல அகலம், 40 ஆஃப்செட் என்றும், வாங்க நினைப்பது 7 அங்குலம், 35 ஆஃப்செட் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் கூடியதால் உள்ளும் புறமும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட் 5 குறைந்ததால் ரிம் முழுவதும் 5 மி.மீ. வெளியே தள்ளும். ஆக வெளிவிளிம்பு 17.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை, அதாவது வீலுக்கு உள்ளே நிற்கும் சஸ்பென்ஷன் தூணை நெருங்கும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் காரில் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் இடையே விரல் விட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மட்கார்டின் உள்விளிம்பையும் பாருங்கள். 195, 205 அகல டயருக்கு ஆறரை அல்லது 7 அங்குல ரிம் பொருத்தமானது. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உப்பி, வளைவில் உருளும்.

நான்காவதைத்தான் பலரும் கேட்பதே இல்லை: போல்ட் உட்காரும் இடத்தின் வடிவம். வோக்ஸ்வாகனின் கம்பெனி வீலில் போல்ட்டின் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். கடை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ இருக்கை. உருண்டைப் போல்ட்டைக் கூம்பு இருக்கையில் முறுக்கினால் ஸ்பேனருக்கு இறுகியது போலவே தெரியும். உண்மையில் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டும் உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும். சில சுற்றுகளில் அது தளர்ந்துவிடும். வீலுக்கு ஏற்ற போல்ட்டைச் சேர்த்தே வாங்குங்கள், நீளமும் சரிபாருங்கள். ஸ்விஃப்டில் போல்ட் இல்லை, ஸ்டட்டும் நட்டும்தான் என்றாலும் இருக்கையின் வடிவத்தைப் பார்க்கும் விதி அதற்கும் பொருந்தும்.

இனி எதனால் செய்த வீல் என்பது. வார்ப்பு அலாய் மலிவு, எடை அதிகம். வார்த்த பிறகு விளிம்பைச் சூட்டில் உருட்டி மெலிதாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் வீல்கள் எடையிலும் வலிமையிலும் ஒரு படி மேல். ஃபோர்ஜ்டு வீலின் விலை நம் தேவைக்கு மீறியது. ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருந்தால் நல்லது. ஆனால் பெயர் பெற்ற வடிவத்தை அப்படியே நகலெடுக்கும் வீல்களில் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார்கள். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே வீலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கம்பெனி வீலைவிட அது கனமாக இருந்தால் அந்த வீலை வாங்குவதில் பொருளில்லை.

என்னைக் கேட்டால், எப்போதாவது ஓட்டுபவருக்கு மிகச் சிறந்த பேரம் பழைய கம்பெனி அலாய்தான். புதுக் கார் வாங்கியவுடன் பெரிய வீல் மாட்டிக்கொள்பவர்கள் கழற்றிப் போட்ட செட்டுகள் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புழங்குகின்றன. பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட், போல்ட் இருக்கை எல்லாம் ஒரே மாதிரிக் காருக்கு அப்படியே பொருந்தும். ஆனால் டயர் இல்லாமல் வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, உள்விளிம்பு ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். பெண்டு எடுத்து பெயின்ட் அடித்த வீலையும், உள்பக்கத்தில் வெல்டிங் தழும்புள்ள வீலையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ட்ராக்குக்கு வாங்க வேண்டாம்.

படி 5: மாட்டுதல், அலைன்மென்ட்

ட்ராக் செட்டை மாட்டும்போது பேலன்சிங் எடைகளின் மேல் அலுமினிய டேப்பைச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். பிரேக் சூட்டில் பசை இளகி எடைகள் பறந்துவிடுவதுண்டு. வால்வும் புதிதாக இருக்கட்டும். டயரில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று அச்சிட்டிருந்தால் அதையும் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் நீங்களே நின்று சரிபாருங்கள். நட்டுகளையோ போல்ட்டுகளையோ, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். போலோவுக்கு அது 120 நியூட்டன் மீட்டர். காற்று கன்னால் வெறுமனே இறுக்கிவிட்டு அனுப்புவது போதாது.

கம்பெனி அமைப்பில் முன் சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், மிகக் குறைவு. கார் சாயும்போது வெளிப்பக்கத் தோள் மட்டும் தேய்ந்து, டயரின் மற்ற பகுதி புதிதாகவே இருக்கும். கேம்பர் போல்ட்டோ கேம்பர் பிளேட்டோ போட்டு முன்பக்கம் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி வரை கொடுத்தால், செமி ஸ்லிக்குக்குச் செலவழிக்கவிருந்த பணத்தில் ஒரு பங்கிலேயே முன்பக்கம் நன்றாகக் கடிக்கும். சாலையில் உள்விளிம்பு சற்றே அதிகம் தேயும், அவ்வளவுதான்.

படி 6: ட்ராக்கில் காற்றழுத்தம்

டயரும் வீலும் எவ்வளவு சரியாக வாங்கியிருந்தாலும் காற்றழுத்தத்தைக் கவனிக்காதவருக்கு அந்தப் பணம் வீண். மூடிய டயருக்குள் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் 32 வைத்துவிட்டுப் போனால், சில சுற்றுகளில் உள்ளிருக்கும் காற்று 35 டிகிரி சூடேறி, 37ஐத் தாண்டிவிடும். டயர் நடுவில் உப்பி, நிலத்தைத் தொடும் பரப்பு குறையும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே நழுவும். 28இல் தொடங்கினால் அதே சூட்டில் 33 அளவில் நிற்கும். ஆகவே குறிவைக்க வேண்டியது சூடான நிலையின் அழுத்தத்தைத்தான். சிறிய முன்சக்கர இயக்கக் காரில் பெர்ஃபாமன்ஸ் டயருக்குச் சூடாக 33 முதல் 36 என்பது நல்ல தொடக்கம்.

நைட்ரஜன் அடைத்தால் அழுத்தம் ஏறாது என்று சொல்வது சரியல்ல. உலர்ந்த எந்த வாயுவும் ஒரே கணக்கில்தான் விரியும். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரின் காற்றில் உள்ள ஈரப்பதம்தான் அழுத்தத்தைக் கணிக்க முடியாதபடி ஏற்றுகிறது.

நடைமுறை இதுதான். டயரின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் பட்டனின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை, ஷூவுக்குப் பூசும் வெள்ளைப் பாலிஷால் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போடுங்கள். முதல் செஷனில் நான்கைந்து சுற்று ஓட்டி உள்ளே வந்ததும் கோட்டைப் பாருங்கள். வெள்ளை முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. முக்கோணத்தையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் டயர் உருண்டு மடங்குகிறது, 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முனைக்கு வெகு முன்னாலேயே வெள்ளை நின்றிருந்தால் அழுத்தத்தை இறக்குங்கள். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். வலப்பக்க வளைவுகள் அதிகமுள்ள தடத்தில் இடது முன் டயர்தான் மிகவும் சூடேறும், அதற்கு மட்டும் ஓரிரு பி.எஸ்.ஐ. குறைவாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் வெயில் நிலவரத்தோடு ஒரு தாளில் குறித்துவைத்தால், அடுத்த முறை பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு வாருங்கள், நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வையுங்கள். இருங்காட்டுக்கோட்டையின் முழுத் தடம் 12 வளைவுகளோடு சுமார் 3.7 கி.மீ. செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. குறுகிய தடத்தில் நேர்பாதைகளும் சிறியவை என்பதால் டயருக்கு ஆறும் நேரம் குறைவு, அங்கே செஷனையும் சுருக்கிக்கொள்வது நல்லது.

திரும்பும் முன்

வீட்டுக்குக் கிளம்பும் முன் அழுத்தத்தைச் சாலை அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ட்ராக்கில் சூடாக 34 காட்டிய டயர், ஆறியபின் 29 அளவுக்கு வந்துவிடும். அதோடு நான்கு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் போகக் கூடாது. ஒவ்வொரு டயரின் உள்விளிம்பிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நூலிழை தட்டுப்பட்டால் அங்கேயே ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளுங்கள். தனி செட் வைத்திருப்பவர்கள் கழற்றிய வீல்களைக் கழுவி, வெயிலும் இன்வெர்ட்டரும் இல்லாத மூலையில், கறுப்புப் பையில் சுற்றிக் கிடத்திவைக்கலாம். மின் மோட்டார் போன்ற மின்சாதனங்கள் வெளியிடும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். பலமுறை சூடேறி ஆறிய டயர், பட்டன் மீதமிருக்கும்போதே இறுகிப்போகும். அதே அழுத்தம், அதே வெயில், அதே வளைவு என்றிருந்தும் முன்பைவிடச் சீக்கிரம் கீச்சிட்டால் அந்த டயரை ட்ராக்கிலிருந்து விலக்கிவிட்டு, பட்டன் ஆழமும் வயதும் அனுமதிக்கும்வரை உலர்ந்த சாலையில் ஓட்டித் தீர்க்கலாம்.